கதவைச் சாத்திக்கொண்டு ஆடிய நாற்பது நிமிஷம்

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் படுத்துவிட்டு வந்தவன் ஊருக்கெல்லாம் டாக்டராகிவிடுவான். நானும் ஆனேன். பெங்களூர் ஒக்கலிபுரத்தில் எங்கள் தெருவில் யாராவது தோளைத் தேய்த்துக்கொண்டு நின்றால் போதும், "எடது தோளா, வலது தோளா? வேர்வை கீதா?" என்று கேள்வியை ஆரம்பித்துவிடுவேன். ரயில்வே பார்சல் ஆபீசில் மூட்டைகளுக்கு நம்பர் எழுதும் மார்க்கர் வேலை எனக்கு. அங்கே மூட்டை தூக்குகிற ஆட்களை நிறுத்தி நாடி பிடித்துக்கூடப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு பெரிய மேதாவி செய்த ஒரு தப்பைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மானம் போனால் போகட்டும். படிக்கிறவர்களில் ஒருவராவது எழுந்துபோய்த் தன் வீட்டு ஆளின் முகத்தை ஒரு தடவை சரியாகப் பார்த்தால் போதும்.

என் பெயர் முனிரத்தினம். இது தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. அப்போது எனக்கு வயது நாற்பத்துநாலு. பீடி, சாராயம் எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கறி மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.

ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு எழுந்ததும் நெஞ்சைக் கரித்தது. கேஸ் என்று நினைத்தேன். என் மனைவி சரோஜா சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள், குடித்துவிட்டுத் தூங்கினேன். மறுநாள் ஆபீசில் உட்கார்ந்து நம்பர் எழுதிக்கொண்டிருந்தபோது மார்பின் மேல் யாரோ ஒரு மூட்டையை வைத்துவிட்டு எடுக்க மறந்துபோன மாதிரி இருந்தது. வலி என்றே சொல்ல முடியாது. பனியன் மட்டும் தொப்பலாக நனைந்துவிட்டது. கூட வேலை செய்கிறவர்கள் என்னை ஆட்டோவில் ஏற்றினார்கள். வழியெல்லாம் நான் அவர்களிடம் சோடா வாங்கிக் கொடுங்கள், சரியாகிவிடும் என்று சண்டை பிடித்துக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்தார்கள். மார்பில் பசை தடவி வயர்களை ஒட்டி, இதயத்துக்குள் ஓடுகிற மின்சாரத்தைக் காகிதத்தில் கோடாக இழுத்துக் காட்டுகிற சோதனை அது. வலிக்காது, கொஞ்சம் சில்லென்று இருக்கும். அந்தக் காகிதத்தைப் பார்த்த டாக்டரம்மா கன்னடக்காரர், ஆனால் எங்களிடம் தமிழிலேயே பேசுவார்.

"ஹார்ட் அட்டாக்" என்றார்.

"யாருக்கு?" என்று கேட்டேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பியும் பார்த்தேன்.

ரத்தக் குழாயில் அடைத்துக்கொண்ட கட்டியைக் கரைக்கிற மருந்தை டிரிப்ஸில் ஏற்றினார்கள். மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு, ஆறு நாள் வார்டு. சரோஜா ராஜாஜிநகர் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் காலர் தைக்கிற டெய்லர். ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போய் உப்பில்லாத கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு, மூன்று மாடி படி ஏறி வருவாள். உள்ளே விடுவது பத்து நிமிஷம்தான். அந்தப் பத்து நிமிஷமும் பேசாமல் என் பாதத்தைத் தேய்த்துவிடுவாள். எங்கள் பெண் கல்பனா அப்போது காலேஜில் பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தாள். வெளியே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து பாடம் படித்தாள். நான் என் படுக்கையில் மிஷின் கீக் கீக் என்பதை எண்ணிக்கொண்டு, என்னைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துப் படுக்கைக்காரரை ஒருநாள் திரை போட்டு மறைத்தார்கள். திரையை எடுத்தபோது படுக்கையில் புது விரிப்பு போட்டிருந்தது.

வீட்டுக்கு வந்த அன்று சரோஜா என்னிடம் ஒரு சத்தியம் வாங்கினாள். அதைச் சொல்வதற்கு முன் எங்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் யாராவது செத்தால் மேளம் வரும். பிணத்துக்கு முன்னால் சுடுகாடு வரைக்கும் ஆடிக்கொண்டு போவோம். அழுகிறவர்கள் அழுவார்கள், ஆடுகிறவர்கள் ஆடுவார்கள், இரண்டும் செத்தவருக்குச் செய்கிற மரியாதைதான். பதினைந்து வயதிலிருந்து முன்வரிசையில் ஆடியவன் நான். "முனிரத்தினம் வந்துட்டானா?" என்று கேட்டுவிட்டுத்தான் மேளத்தை நெருப்பில் காட்டிச் சூடேற்றுவார்கள். என் வாழ்க்கையில் நான் கெட்டிக்காரன் என்று ஊர் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அது.

"இனிமே எந்த சாவுக்கும் ஆடப் போவக்கூடாது. மேளம் கேட்டா கதவ சாத்திக்கினு உள்ள இருக்கணும். எம்மேல சத்தியம்" என்றாள் சரோஜா.

அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

ஆறு வாரம் கழித்து டிரெட்மில் சோதனை வைத்தார்கள். ஓடுகிற பட்டையின் மேல் நம்மை நடக்கவிட்டு, இதயம் எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பார்கள். அது முடிந்ததும் டாக்டரம்மா சொன்னார்: "முனிரத்னம் அவரே, மாத்திரை பாதி வேலைதான் செய்யும். மீதி நீங்க செய்யணும். தினா நாப்பது நிமிஷம் வேகமா நடங்க. நடக்கும்போது பேச முடியணும், பாட்டு பாட முடியக்கூடாது. அந்த வேகம். நிறுத்தினீங்கன்னா ரெண்டாவது அட்டாக் வரும். அது ஆட்டோல ஏற டைம் கொடுக்காது."

அந்தக் கடைசி வாக்கியம் என் தூக்கத்தைக் கெடுத்தது. எனக்கு லைட் டியூட்டி என்று மதியம் ஒன்றிலிருந்து ராத்திரி ஒன்பது வரை ஷிப்ட் போட்டிருந்தார்கள். அதனால் விடியற்காலையில் நடந்தேன். செப்டம்பர், அக்டோபர் நன்றாகப் போயிற்று. நவம்பர் கடைசியில் பெங்களூர் குளிர் தன் குணத்தைக் காட்டியது. சென்னையில் புயல் என்று ரேடியோ சொன்னால் இங்கே எங்களுக்கு மூன்று நாள் வானம் மூடிக்கொண்டு சாரல் அடிக்கும், எலும்புக்குள் ஈரம் இறங்கும். குரங்குக் குல்லாய், ஸ்வெட்டர், மப்ளர் எல்லாம் போட்டுக்கொண்டு ரயில் தண்டவாளத்தை ஒட்டின ரோட்டில் நடந்தேன். பத்தாவது நிமிஷம் அதே மூட்டை மார்பில் வந்து உட்கார்ந்தது. அங்கேயே ஒரு மூடின கடையின் படியில் உட்கார்ந்து, நாக்கின் கீழ் மாத்திரையை வைத்துக்கொண்டு, சரோஜா, சரோஜா என்று முனகினேன்.

மறுபடியும் மூன்று நாள் ஆஸ்பத்திரி. இந்தத் தடவை அட்டாக் இல்லை, ஆஞ்ஜைனா என்றார்கள். இதயத்துக்குத் தேவையான ரத்தம் போதாமல் போகும்போது அது இறுக்கிப் பிடித்துச் சொல்கிற புகார்தான் ஆஞ்ஜைனா. குளிர்க்காற்றில் ரத்தக் குழாய் சுருங்குகிறது, ஏற்கனவே குறுகின குழாய் இன்னும் குறுகுகிறது, அதே சமயம் நாம் வேகமாக நடந்து இதயத்தை வேலை வாங்குகிறோம். எனக்குப் பகீரென்றது. உயிர் பிழைக்க நடந்தேன், நடந்ததே உயிரை எடுக்கப் பார்த்தது. குல்லாய் போட்டால் குளிர் போய்விடும் என்று நினைத்திருந்தேன். மூக்கு வழியாக உள்ளே போகிற குளிருக்கு எந்தக் குல்லாயைப் போடுவது?

"குளிர் போற வரைக்கும் வெளியே நடக்க பேடா, வேண்டாம். வீட்டுக்குள்ளேயே ஏதாவது செய்யுங்க" என்றார் டாக்டரம்மா.

"வீட்டுக்குள்ளயா? எங்க வூடு எட்டடி வச்சா முடிஞ்சிபோவும் மேடம்."

"எட்டடி போதும். உங்களுக்கு இஷ்டமானதா இருக்கணும், அவ்வளவுதான். கஷ்டப்பட்டு செய்யறத யாரும் ஒரு மாசத்துக்கு மேல செய்ய மாட்டாங்க. நான் பாத்திருக்கேன்."

சிவராத்திரி வந்தால் குளிர் சிவசிவா என்று ஓடிப்போகும் என்பார்கள். அதற்கு இன்னும் இரண்டரை மாதம் இருந்தது. முதலில் மாடிப்படி ஏறி இறங்கினேன். நாங்கள் இருப்பது மாடி, கீழே வீட்டுக்காரம்மா ஜெயம்மா, அவரும் கன்னடக்காரர். மூன்றாவது நாள் அந்த அம்மா கதவைத் திறந்து, "ஏன் ரீ முனிரத்னம், எதை மறந்துட்டு மறந்துட்டு போறீங்க?" என்று கேட்டார். சொன்னால் வாடகைக்கு விட்ட படியைத் தேய்க்கிறேன் என்பார். அடுத்து ஸ்கிப்பிங் கயிறு. முதல் நாளே கீழே ஜெயம்மாவின் பூஜை அறையில் காரை உதிர்ந்தது. நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைத்து, போலீஸ்காரன் மாதிரி மார்ச் செய்து பார்த்தேன். கடிகாரத்தைப் பார்த்தால் ஆறு நிமிஷம் ஆகியிருக்கும். நாலு நாளில் கடிகாரத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. விட்டுவிட்டேன். விட்ட அன்றிலிருந்து பயம். படுத்தால் என் இதயம் எனக்கே கேட்டது.

இந்த நேரத்தில்தான் தாஸன் வந்தான். எங்கள் தெரு மேள செட்டுக்குத் தலைவன், எனக்கு மச்சான் முறை. என் சோகம் முழுவதையும் கேட்டான்.

"மாமா, ஒனக்கு இஷ்டமானது இன்னான்னு ஊருக்கே தெரியும். ஒனக்கு மட்டும் தெரியல."

"சத்தியம் பண்ணிக்கிறேன்டா."

"சாவுக்குத்தானே ஆடமாட்டேன்னு சத்தியம் பண்ணே? உசிருக்கு ஆடு."

வக்கீல் தோற்றுப்போவார். டாக்டரம்மாவிடம் போய், டான்ஸ் ஆடலாமா என்று கேட்டேன். எந்த மேளம் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சிரித்துவிட்டு, "பேஷா ஆடுங்க. முதல் அஞ்சு நிமிஷம் மெதுவா, கடைசி அஞ்சு நிமிஷம் மெதுவா. கதவு ஜன்னல் மூடிக்கோங்க" என்றார். தாஸன் தன் செட்டை உட்காரவைத்து, ஒரு கேசட் முழுக்க இரண்டு பக்கமும் அடித்துப் பதிவு செய்து கொடுத்தான். டேப் ரிக்கார்டரை ஒரு காலி அண்டாவுக்குள் வைத்தால் சத்தம் கணகணவென்று வரும் என்கிற யோசனையும் அவனுடையதுதான்.

காலை ஒன்பது மணிக்குள் சரோஜா வேலைக்கும் கல்பனா காலேஜுக்கும் போய்விடுவார்கள், கீழே ஜெயம்மாவும் மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவார். நான் கதவைத் தாழ்ப்பாள் போட்டு, ஜன்னலை மூடி, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு ஆடுவேன். முதல் நாள் ஐந்து நிமிஷத்தில் மூச்சு வாங்கியது. இரண்டாவது வாரம் இருபது. அப்புறம் ஆட்டமே என்னை இழுத்துக்கொண்டு போயிற்று. தோள் இறங்கி, முழங்கால் மடங்கி, உடம்பு தானாகப் பழைய கணக்குக்குத் திரும்பியது. கடிகாரத்தை நான் பார்க்கவே இல்லை. கேசட் ஒரு பக்கம் முடிந்து டக்கென்று நிற்கும்போதுதான் நேரம் தெரியும். மணிக்கட்டில் விரல் வைத்துப் பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்குவேன். டாக்டரம்மா சொன்ன எல்லைக்குள் இருக்கும். எனக்குச் சிரிப்பாக வரும். குளிர் வெளியே நின்றது, நான் உள்ளே வேர்த்துக்கொண்டிருந்தேன். செத்தவர்களுக்காக இவ்வளவு வருஷம் ஆடினோமே, ஒருநாள்கூட நமக்காக ஆடவில்லையே என்று நினைத்தேன்.

சரோஜாவிடம் சொல்லவில்லை. சாவு மேளத்தை வீட்டுக்குள் அடிக்கவிட்டால் அவள் என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியும். அவளைப் பொறுத்தவரை அந்தச் சத்தம் வாசல்படியைத் தாண்டவே கூடாது. சிவராத்திரிக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

ஜனவரியில் ஒருநாள் காலையிலிருந்தே சாரல். தெருவில் நடமாட்டமே இல்லை. யார் கேட்கப்போகிறார்கள் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தேன். அண்டா அதிர்ந்தது. அன்றைக்கு ஆடின மாதிரி இருபது வயதில்கூட ஆடியிருக்க மாட்டேன்.

தெரு முனையில் பூக்கடையும் எஸ்.டி.டி. பூத்தும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மார்க்கெட்டிலிருந்து திரும்பின ஜெயம்மா அங்கே நின்று மேளத்தைக் கேட்டிருக்கிறார். "எந்த வீடு?" "முனிரத்தினம் வீட்டுப் பக்கம்தான்" என்றிருக்கிறார் பூக்கடைக்காரர். போன மாதம்தான் இரண்டாவது தடவை ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டு வந்தவன். வேறு என்ன யோசிக்க வேண்டும்? ஜெயம்மா அந்த பூத்திலேயே சரோஜாவின் கார்மெண்ட்ஸுக்குப் போன் செய்து சேதியைச் சொல்லிவிட்டு, பக்கத்துக் கடையில் ஒரு ரோஜா மாலை வாங்கிவிட்டார். வந்து பார்த்துவிட்டுப் போன் செய்திருக்கலாமே என்று அப்புறம் பலர் அந்த அம்மாவைத் திட்டினார்கள். நான் திட்டவில்லை. மேளம் கேட்ட பிறகு போய்ப் பார்க்க என்ன இருக்கிறது? எங்கள் தெருவில் மேளம் பொய் சொன்னதே கிடையாது.

கேசட் ஒரு பக்கம் முடிந்து நின்றது. அப்போதுதான் கதவை யாரோ இடிப்பது கேட்டது. பனியனோடு, தலையிலிருந்து வேர்வை சொட்டச் சொட்டக் கதவைத் திறந்தேன். படி முழுக்க ஆட்கள். முன்னால் ஜெயம்மா, கையில் மாலை, கண்ணில் தண்ணீர். "ஒள்ளே மனுஷன், நல்ல மனுஷன்..." என்று ஆரம்பித்தவர் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். மாலை கையிலிருந்து நழுவிப் படியில் விழுந்தது. பின்னால் ஒரு அம்மாள் வீலென்று கத்தினாள். எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. யார் செத்துவிட்டார்கள் என்று நானே கேட்டேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு தாஸன் ஏறி வந்தான், பயங்கரக் கோபத்தோடு. "எந்த செட்டுடா இது? என் மாமன் சாவுக்கு என்னக் கூப்புடாம எவன்டா அடிக்கிறது?" என்று கத்தியவன், என்னைப் பார்த்தான். அண்டாவைப் பார்த்தான். "அட, நாந்தானா!" என்றான்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிலர் என் முதுகில் தட்டினார்கள். நூறு வயசு உனக்கு என்றார்கள். ஜெயம்மாவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று நெற்றியில் அறைந்துகொண்டார். "அய்யோ, சரோஜாக்கு போன் மாட்பிட்டே!"

சிரிப்பு அப்படியே அறுந்தது. தாஸன் பூத்துக்கு ஓடினான். அதற்குள் கார்மெண்ட்ஸிலிருந்து அவள் கிளம்பி அரைமணி நேரம் ஆகியிருந்தது. அந்த அரைமணி நேரமும் ஒரு ஆட்டோவின் பின் சீட்டில் தனியாக, தாலியைப் பிடித்துக்கொண்டு, என்னைச் செத்தவனாகவே நினைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

ஆட்டோ வந்து நின்றது. செருப்பில்லாமல் இறங்கினாள். கூட்டத்தைப் பார்த்தாள், படியில் கிடந்த மாலையைப் பார்த்தாள், மேலே என்னைப் பார்த்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். மெதுவாகப் படியேறி வந்து ஈரப் பனியன் மேல் கையை வைத்தாள்.

"உசுரோட கீறீங்களா?"

"இன்னா சரோஜா, ஒண்ணுமில்ல, கேசட்..."

"செரி" என்று சொல்லிவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்தாள். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. நெற்றியெல்லாம் முத்து முத்தாக வேர்வை.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். "அதிர்ச்சி, வேற ஒண்ணுமில்ல. கொஞ்ச நேரத்துல சரியாப் போவும்" என்று சொன்னேன். நான்தான் சொன்னேன். சோடா வாங்கிக் கொடுத்தோம், விசிறினோம், உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்துப் போர்த்திவிட்டோம். ஊர்க்காரர் தோளையெல்லாம் எடதா வலதா என்று கேட்டவன், என் பெண்டாட்டியின் வேர்வையைப் பார்த்துவிட்டு அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தேன். ஒருமணி நேரம் கழித்துக் கல்பனா காலேஜிலிருந்து வந்தாள். அம்மாவைப் பார்த்தவுடனே கேட்டாள்: "நைனா, அம்மா ஏன் தாடைய புடிச்சிக்கினே கீறாங்க?"

"பல்லு நோவுது" என்றாள் சரோஜா. "முதுகும்."

"நெஞ்சு?" என்றேன்.

"நெஞ்செல்லாம் ஒண்ணுமில்ல. ஒங்களுக்கு வந்த மாதிரி இல்ல."

கல்பனா என்னைப் பார்த்தாள். அவள் ஆட்டோ கூப்பிட ஓடின பிறகுதான் என் கால் அசைந்தது.

அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டரம்மா, அதே வயர்கள். காகிதம் நீளமாக வந்து விழுந்தது. டாக்டரம்மா அதை இரண்டு தடவை பார்த்தார்.

"இவங்களுக்கு பி.பி. உண்டா?"

"தெரியாது மேடம்."

"சுகர்?"

"தெரியாது."

"மூச்சு வாங்குதுன்னு எப்பவாவது சொன்னாங்களா? கடைசியா எப்போ டெஸ்ட் பண்ணீங்க?"

என் கொலஸ்டிரால் எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இதற்கும் தெரியாது என்றுதான் சொன்னேன். "எஷ்டு வயசு?" என்று கடைசியாகக் கேட்டார். அதைக்கூட விரல் விட்டுக் கணக்குப் போட்டுத்தான் சொன்னேன்.

டாக்டரம்மா காகிதத்தில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். "இன்னிக்கு வந்தது இங்கே. ஆனா இங்கே பாருங்க, இது பழைய காயம். இவங்களுக்கு ஏற்கனவே ஒரு அட்டாக் வந்து போயிருக்கு." பெண்களுக்குப் பல சமயம் மார்பு வலியே இல்லாமல் வரும், தாடையில், முதுகில், வெறும் அலுப்பாக, என்று விளக்கினார். எனக்குக் காதில் பாதிதான் விழுந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருந்து ஏற்றினார்கள். ஒருமணி நேரம் முன்னால் வந்திருந்தால் இன்னும் நன்றாகக் கரைந்திருக்கும் என்று ஒரு சின்ன டாக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வெளியே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். என் ஒன்பது நாளிலும் சரோஜா எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. ஜனவரியில் அந்தப் பெஞ்சின் குளிர் வேட்டியைத் தாண்டி இடுப்புக்கு ஏறுகிறது. படுக்கை நம்பரைச் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் எழுந்து நிற்கிறோம். உள்ளே படுத்திருப்பவனுக்குக் கீக் கீக் சத்தமாவது துணை. வெளியே இருப்பவருக்கு அதுவும் இல்லை. தாஸன் பிளாஸ்கில் காப்பி கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "என் கேசட்டாலதான் மாமா" என்று அழுதான். ஜெயம்மா தன் கம்பளியை எடுத்துவந்து என் தோளில் போர்த்திவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் புத்தர் படத்துக்கு முன்னால் தினமும் விளக்கேற்றுவது சரோஜாதான். அந்த வாரம் அதை யார் ஏற்றுகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, கல்பனா காலேஜ் போகாமல் வீட்டையும் பார்த்துக்கொண்டு விளக்கையும் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் என்னை உள்ளே விட்டார்கள். சரோஜாவின் பாதத்தைத் தேய்த்தேன். சரியாகத் தேய்க்கத் தெரியவில்லை, கூச்சமாக இருக்கிறது என்று காலை இழுத்துக்கொண்டாள்.

"பழைய அட்டாக்குன்றாங்களே சரோஜா. எப்போ?"

"நீங்க ஐ.சி.யூ.ல இருந்தீங்களே, அப்பதான் இருக்கும். மிஷின்ல ஒக்காந்துகினு இருந்தேன், ரெண்டு கையும் மரத்துப்போச்சி. சூப்பர்வைசர் பத்து நிமிசம் படுத்துக்கோன்னாரு. படுத்தேன். அப்பால காலர் மீதி கீதுன்னு எழுந்து போயிட்டேன். சாயந்தரம் ஒங்களுக்கு கஞ்சி எடுத்தாந்தேன்."

"ஏண்டி சொல்லல?"

"ஒங்களுதே பெரிய பாடா இருந்திச்சி."

மூன்று மாடி. அந்தக் கஞ்சிப் பாத்திரத்தோடு, அந்த இதயத்தோடு, மூன்று மாடி ஏறி வந்திருக்கிறாள். சத்தம் போட்டு அழுதேன். நர்ஸ் வந்து அதட்டினார்.

நான் அடங்கின பிறகு சரோஜா கேட்டாள்: "வூட்டுக்குள்ள மேளம் எத்தினி நாளா?"

"ஒரு மாசமா."

"ஒடம்புக்கு நல்லா கீதா?"

"நல்லா கீது."

"அப்ப எங்கிட்ட சொல்லிக்கலாமில்ல" என்றாள். அவ்வளவுதான். சத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பதினோராவது நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டரம்மா எனக்குச் சொன்னதையே அவளுக்கும் சொன்னார். முதலில் ஐந்து நிமிஷம், கொஞ்சம் கொஞ்சமாக நாற்பது வரை, குளிர் போகிறவரை வீட்டுக்குள்ளேயே. சரோஜா ரொம்ப மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள்.

"நாப்பது நிமிசம் எங்க கீது டாக்டரம்மா?" என்றாள். விரலை மடக்கினாள். "நாலரைக்கு எழுந்தா தண்ணி புடிக்கணும். அப்பால டிபன், மூணு பேருக்கு சாப்பாடு கட்டணும், துணி. எட்டரைக்கு பஸ்ஸு. வந்தா மறுபடியும் அடுப்பு. நீங்களே சொல்லுங்க, எந்த நாப்பது?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் வேறு பக்கம் பார்க்க முடியாமல் நின்றேன்.

மறுநாளிலிருந்து நாலரைக்கு நான் எழுந்தேன். கல்பனா துணி, நான் தண்ணீரும் அடுப்பும். என் சமையலைப் பற்றி இங்கே எழுதாமல் இருப்பது நல்லது. சரோஜாவுக்கு மேளம் பிடிக்கவில்லை. கேசட் பாட்டு எதையும் கேட்க மாட்டேன் என்றாள். கதவிலிருந்து அடுப்புவரை எட்டடி, அடுப்பிலிருந்து கதவுவரை எட்டடி, அப்படியே நடந்தாள். நடையில் ஒவ்வொரு தடவை அடுப்பை நெருங்கும்போதும் உப்பு ஜாஸ்தி, தீ ஜாஸ்தி, கடுகு கருகுது என்று ஏதாவது சொல்வாள். அது ஒன்றுதான் அவளுக்கு இஷ்டமான பயிற்சி என்று நான் கேலி செய்வேன். ஐந்து நிமிஷம் பத்தாகி, பத்து இருபதாகி, சிவராத்திரிக்கு முந்தின வாரம் முதல் தடவையாக நாற்பதைத் தொட்டாள். அன்றைக்கு அடுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கையை வீசிக்கொண்டு நடந்தாள். முடிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, மணிக்கட்டை என்னிடம் நீட்டினாள். நான் எண்ண ஆரம்பித்தேன்.

"ஏங்க, கண்ணாலம் கட்டிகினு இருவத்திரண்டு வருசம் ஆச்சில்ல?" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டே. "நாப்பது நிமிசம் சேந்தாப்புல எனக்குன்னு கெடச்சது இதான் மொத தடவ."

சந்தோஷமாகத்தான் சொன்னாள். நான் எண்ணிக்கொண்டிருந்த எண்ணிக்கை தவறிவிட்டது.